நூற்றுக்கு மூன்று

நவம்பர் 3, ஞாயிறு

இந்த நோட்டு கோகிலாமணியின் உத்தரவு. கோழி செட்டில் தொங்கும் கார்டில் எண்கள் எழுதத்தான் இடம் இருக்கிறதாம். பார்த்ததைத் தனியாக எழுதி வைக்காவிட்டால் எனக்கு மறந்துவிடுமாம். முப்பத்திரண்டு வருடம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். ஈரோடு – தாராபுரம் தடத்தில் எந்த ஸ்டாப்பில் யார் ஏறினார், டிக்கெட் வாங்காமல் யார் ஜன்னலை வேடிக்கை பார்த்தார் என்று இன்றைக்கும் சொல்வேன். இருந்தாலும் கட்டிய மனைவி சொன்னால் எழுதித்தானே ஆகவேண்டும்.

அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஆடி மாதமே ஈரோட்டு டாக்டரம்மா ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். "இந்த பேட்ச் போகட்டுங்" என்றாள். அந்தக் கோழிகள் போயின. மறுபடி கேட்டேன், அடுத்த பேட்சுக்குக் குஞ்சு சொல்லிவைத்தாயிற்று என்றாள். இதற்கிடையே மாதாமாதம் ரத்தம் போய்ப் போய், பன்னிரண்டு இருக்கவேண்டிய ரத்த அளவு இப்போது ஆறரைதான் இருக்கிறது. இரண்டு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறாள். போன வாரம் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னும் தள்ளினால் இதயம் தாங்காது என்றார். அதை அவளுக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தேன். அவளிடமும் தனியாகச் சொல்லியிருக்கிறார் என்று நேற்றுதான் தெரிந்தது.

ஒரு பேட்ச் செட்டைக் காலியாக விடலாம் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்று காலை இட்லியைப் பிட்டபடி ஒரு பேச்சுக்கு வந்தாள்.

"மொதல் இருவத்தியொரு நாள் நீங்க குஞ்சைப் பாத்துக் காட்டுங்க. நான் செட்டுக்குள்ள கால் வெக்கமாட்டேன். நூத்துக்கு மூணுக்கு மேல சாகாம கொண்டாந்துட்டீங்கன்னா, இருவத்தெட்டாந்தேதி நானே பைய எடுத்துட்டுக் கெளம்பிர்றேன்."

"மேல போச்சுன்னா?"

"அப்ப இந்த பேட்ச்சையும் நாந்தான் பாக்கோணும்."

ஆயிரத்தைந்நூறு குஞ்சு. நூற்றுக்கு மூன்று என்றால் நாற்பத்தைந்து. பதினொரு வருடத்துக்கு முன்னால் இவள் முதன்முதலாகக் குஞ்சு விட்டபோது பதினெட்டுதான் போயிற்று. அதை டிப்போ முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டவன் நான். அவளால் பதினெட்டில் முடிந்தது என்னால் நாற்பத்தைந்தில் முடியாதா என்ன. சரி என்று கை அடித்துக் கொடுத்தேன். அவள் கை சில்லென்று இருந்தது.

நவம்பர் 6, புதன்

குஞ்சு வந்தது.

நேற்றே தரையில் தேங்காய் மஞ்சி பரப்பி, மேலே பழைய செய்தித்தாளை விரித்து, தகரத்தை வளைத்து மூன்று வட்டம் கட்டியாயிற்று. வட்டம் ஏன் என்று எனக்கு இத்தனை நாளாகத் தெரியாது. மூலை இருந்தால் குஞ்சுகள் அதில் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடியில் இருப்பது செத்துவிடுமாம். ஒவ்வொரு வட்டத்துக்கு நடுவிலும் பல்பு தொங்குகிறது.

எல்லாவற்றையும் எனக்குச் சொன்னது பேபி. பக்கத்துத் தோட்டத்துக்காரி, ஐம்பது வயதில் பேபி. தினமும் காலையில் இரண்டு மணி நேரம் வந்து தண்ணீர் டப்பாக்களைக் கழுவிக் கொடுப்பாள். கோகிலாவின் சிநேகிதி, ஆகவே என்மேல் அவளுக்குப் பெரிய மதிப்பு இல்லை.

வேனில் இருந்து பெட்டிகளை இறக்கி, ஒவ்வொரு குஞ்சாக எடுத்து, மூக்கை வெல்லத் தண்ணீரில் ஒரு தடவை தொட்டுவிட்டு வட்டத்துக்குள் விடவேண்டும். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அதற்கு அப்படித்தான் தெரியுமாம். நூறு குஞ்சுக்கு எனக்கு முதுகு போய்விட்டது. பேபி முந்நூறு முடித்திருந்தாள். பிறகு செய்தித்தாள் மேல் மக்காச்சோள ரவையைத் தூவினோம். பேப்பரில் ரவை விழும் சத்தத்துக்கே எல்லாம் ஓடிவந்து கொத்தின.

பொழுதோடு வீட்டுக்குப் போனதும் கோகிலா கேட்டாள். "எரைப்பையத் தொட்டுப் பாத்தீங்களா?"

அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. திரும்பிப் போய் இருபது குஞ்சைப் பிடித்துக் கழுத்துக்குக் கீழே தடவிப் பார்த்தேன். பதினெட்டுக்கு மெத்தென்று நிறைந்திருந்தது. இரண்டுக்குக் காலி. அந்த இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு ரவையைக் கொத்தும் வரைக்கும் விடவில்லை. கொத்தியபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பார்க்க ஆள் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

நவம்பர் 7, வியாழன்

செத்தது நான்கு. வழியில் பெட்டிக்குள் நசுங்கியதாக இருக்கும் என்று பேபி சொன்னாள். அப்படிச் சொன்னதற்கு அவளுக்கு நன்றி.

நவம்பர் 9, சனி

இன்று நானாக ஒன்று கண்டுபிடித்தேன்.

இரண்டாம் வட்டத்தில் குஞ்சுகள் எல்லாம் மேற்குப் பக்கமாக ஒதுங்கி நின்றன. கிழக்குப் பாதி காலி. மற்ற இரண்டு வட்டத்திலும் சீராகப் பரவி இருக்கின்றன. பல்பு சரியாக இருக்கிறது, தீவனத் தட்டும் இரண்டு பக்கமும் இருக்கிறது. மழை நாளில் கண்ணாடி உடைந்த ஜன்னல் ஓரத்து சீட்டை விட்டுவிட்டு ஜனங்கள் மறுபக்கம் நெருக்கி நிற்பது ஞாபகம் வந்தது. கிழக்குப் பக்கம் போய் உள்ளங்கையைத் தாழ்வாகப் பிடித்தேன். செட்டின் பக்கவாட்டில் தொங்கும் படுதாவில் விரல் நுழையும் ஓட்டை. ஊசிக்காற்று நேராக வட்டத்துக்குள் அடிக்கிறது. சாக்கு வைத்துத் தைத்தேன். அரை மணியில் பரவிவிட்டன.

கோகிலாவிடம் சொன்னேன். படுத்தபடியே சிரித்தாள். "கண்டக்டரய்யாவுக்கு எடங்கண்டு நிக்க வெக்கத் தெரியுது" என்றாள். அவள் பாராட்டினால் இப்படித்தான் பாராட்டுவாள். எனக்கு அது போதும்.

இதுவரை மொத்தம் ஒன்பது.

நவம்பர் 12, செவ்வாய்

கண்ணில் சொட்டு மருந்து போடும் நாள். ஆயிரத்தைந்நூறு குஞ்சு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணில் ஒரு சொட்டு. பேபி பிடித்துக் கொடுக்க நான் விட்டேன். சொட்டு விழுந்ததும் குஞ்சு கண்ணை ஒரு முறை சிமிட்டவேண்டும், அப்போதுதான் கீழே விடலாம். கூட்ட நெரிசலில் டிக்கெட் போட்ட கை இது, ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. ஒரே குஞ்சு இரண்டாம் முறை கையில் வந்தபோதும் கண்டுபிடித்தேன் என்று பேபியிடம் சொன்னேன். "எல்லாம் ஒரே மொகந்தானுங் அண்ணா" என்றாள். அவளுக்கு அப்படி.

ஓசூரில் இருந்து மகள் கவிப்பிரியா பேசினாள். "அப்பா, பந்தயமெல்லாம் வேண்டாம், அம்மாவை இழுத்துட்டாவது போங்க" என்றாள். உன் அம்மாவை இழுத்துப் போகும் ஆளா நான் என்றேன். அவள் அழுதாள். நான் குஞ்சுக்குச் சொட்டு மருந்து போட்டதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 14, வியாழன்

மொத்தம் பதினைந்து. வெயில் அடித்தது. கோகிலா ஒரு டம்ளர் பால் அதிகமாகக் குடித்தாள். நல்ல நாள்.

நவம்பர் 16, சனி

மொத்தம் பதினேழு. பாதி நாள் தாண்டியாயிற்று, நாற்பத்தைந்தில் பாதிகூட ஆகவில்லை. நேற்று மூன்று வட்டத்தையும் பிரித்து ஒரே பெரிய வட்டமாக்கினோம். இறக்கையில் நரம்பு மாதிரி சிறகு வந்திருக்கிறது.

மத்தியானத்தில் இருந்து மழை. நாலு மணிக்குக் கரண்டும் போயிற்று. லைன்மேனைக் கேட்டதில் மரம் விழுந்திருக்கிறது, விடிந்தால்தான் வரும் என்றார். எனக்குப் பதற்றம் இல்லை. கரண்டு போனால் என்ன செய்யவேண்டும் என்று கோகிலா முன்பே சொல்லியிருந்தாள். ஓட்டை போட்ட மண்பானை மூன்றில் கரியைக் கனிய வைத்து உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

படுதாக்களையும் இறக்கினேன். மழை தூறினால் நான் முப்பத்திரண்டு வருடம் செய்த முதல் வேலை பஸ்ஸின் இரண்டு பக்க ஷட்டரையும் கீழே இழுத்துவிடுவதுதான். ஒரு பயணி நனையவிட்டதில்லை. இங்கேயும் அப்படியே. மேலே இருந்து தரை வரைக்கும் இறக்கி, காற்றில் தூக்காமல் கல் வைத்துக் கட்டினேன். அடியில் ஒரு சாண் விட்டுவைக்கச் சொல்லிப் பேபி போன் செய்தாள். இந்தக் குளிரில் குஞ்சுக்கு ஜன்னல் திறந்து வைக்கச் சொல்கிறாள். அவளுக்கு என்னைக் குறை சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

இப்போது மணி ஏழு. செட்டு கதகதப்பாக இருக்கிறது. ஒரு பொட்டுக் காற்று உள்ளே வராது. இந்த மாதிரி ஒரு நாளைச் சமாளித்துவிட்டேன் என்பதே பெரிய விஷயம்.

நவம்பர் 17, ஞாயிறு

மழை விட்டுவிட்டது.

கார்டில் மூன்று என்று எழுதினேன்.

செட்டுக்குப் பின்னால் வேம்புக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு குழி வெட்டினேன். மண் நனைந்திருந்ததால் சிரமம் இல்லை. சுண்ணாம்பு ஒரு பை முழுக்க ஆயிற்று. பேபி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மத்தியானம் சாப்பாட்டில் கோகிலா கேட்டாள், "கார்டுல எத்தனைங்?"

"மூணு."

"சரிங்."

அவ்வளவுதான். நம்பிவிட்டாள். ரசம் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டாள், வயிறு சரியில்லையாம்.

நவம்பர் 18, திங்கள்

நேற்று உண்மையை எழுதக் கை வரவில்லை. இன்று எழுதுகிறேன். நாற்பத்தொன்று.

விடிகாலை படுதாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் கண் எரிந்தது, தலை கிண்ணென்று வலித்தது. கிழக்குப் பக்கம், படுதா தரையைத் தொடும் இடத்தில் கல் கொஞ்சம் நகர்ந்து ஒரு சின்ன சந்து இருந்தது. அத்தனையும் வட்டத்துக்குள் அந்த ஓரமாக நெருக்கிக்கொண்டு ஓடியிருக்கின்றன. அடியில் இருந்தவை எழவில்லை. எல்லாவற்றுக்கும் மூக்கு அந்தச் சந்தின் பக்கம்தான் இருந்தது. அவற்றுக்குக் குளிரவே இல்லை. மூச்சுக்குக் காற்று தேடிப் போயிருக்கின்றன.

ஷட்டர் எல்லாம் மூடிய பஸ்ஸில் ஜனங்கள் ஏன் படிக்கட்டிலேயே தொங்குகிறார்கள் என்று முப்பத்திரண்டு வருடம் திட்டினேன். உள்ளே போ, உள்ளே போ என்று கத்தினேன். கரி எரியும் இடத்தில் புகையும் கெட்ட காற்றும் வெளியே போக வழி வேண்டும் என்று ஒருத்தி போன் செய்து சொன்னாள். அவளைக் கேலி செய்து இதே நோட்டில் எழுதினேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் பார்த்தேன், கிழிக்கவில்லை.

மொத்தம் ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது. நாற்பத்தைந்து ஒரே ராத்திரியில் தாண்டிவிட்டது. உண்மையைச் சொன்னால் கோகிலா ஆபரேஷனுக்குப் போகமாட்டாள். கார்டு இருபது என்கிறது. கார்டு அப்படியே இருந்தால் போவாள். நான் பொய்க்காரன் ஆனாலும் பரவாயில்லை, அவள் போகட்டும். இந்தக் கணக்கு எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனாலும் அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

நேற்றும் இன்றும் படுதா வேலை.

பதினொரு வருடமாகப் படுதா மேலே கட்டியிருக்கிறது. இறக்கினால் மேலே மூடும், கீழே திறந்திருக்கும். அப்போது குளிர்காற்று நேராகக் குஞ்சின்மேல் அடிக்கும். அதற்குப் பயந்து முழுக்க இறக்கினால் காற்றே இல்லை. இதை மாற்றினால் என்ன என்று தோன்றியது. நேற்று முழுக்க ஏணி போட்டு எல்லாவற்றையும் அவிழ்த்தேன். அடிப்பக்கத்தைத் தரையோரக் கட்டைகளோடு சேர்த்து ஆணி அடித்தேன். மேல்பக்கத்துக்குக் கயிறும் கப்பியும் போட்டேன். இப்போது கயிற்றைத் தளர்த்தினால் மேலே ஒரு சாணோ ஒரு முழமோ வேண்டிய அளவு திறக்கும். குஞ்சின்மேல் காற்று படாது, கெட்டது மேலே போய்விடும்.

ஏணியைப் பேபி பிடித்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்து நானே சொன்னேன், "நீ சொன்னதைக் கேட்டிருக்கோணும், பேபி."

"ஆமாங் அண்ணா" என்றாள். பிறகு, "ஆணிய இன்னுஞ் சித்த நெருக்கமா அடிங்க" என்றாள். அவளோடு மறுபடி பேச்சுவார்த்தை ஆனதில் எனக்குப் பாதி பாரம் இறங்கிற்று.

இன்று ஒன்றும் சாகவில்லை.

நவம்பர் 20, புதன்

குளிக்கப் போன கோகிலா பாத்ரூம் கதவைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தாள். சத்தம் கேட்டு ஓடினேன். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. தூக்கிக் கட்டிலில் போட்டு, காலுக்குத் தலையணை வைத்தேன். எடை இல்லை. இரண்டு தீவன மூட்டையைத் தோளில் போட்டு நடந்தவள்.

கண் விழித்ததும், "செட்டுக்குப் போகலீங்களா?" என்றாள்.

"போறேன். நீ இரு" என்றேன். போகவில்லை. இன்னும் எட்டு நாள் இருக்கிறது. ஒரு நாளை நான் இப்படி எண்ணியது கிடையாது.

நவம்பர் 21, வியாழன்

ஒன்று. கால் ஊனம்.

நவம்பர் 23, சனி

சொல்லிவிட்டேன்.

இன்னும் ஐந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அதுகூட முடியவில்லை. காலையில் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். "நல்லா பாத்துக்கறீங்க, தெம்பா இருக்குதுங்" என்றாள். குஞ்சுகளைச் சொன்னாளோ அவளைச் சொன்னாளோ தெரியாது, அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை.

"கோகிலா, அன்னிக்கு மூணில்ல."

"தெரியுமுங்."

"என்ன தெரியும்?"

"மூணு குஞ்சுக்கு யாராச்சும் மம்முட்டி எடுத்துட்டுப் போயி புதுக்குழி வெட்டுவாங்களா? பழைய குழியே முக்காவாசி காலியாக் கெடக்குது. ஜன்னல்ல இருந்து பாத்துட்டுத்தான இருந்தேன். எத்தனைன்னுதான் தெரியாது."

"நாப்பத்தொண்ணு."

கண்ணை மூடிக்கொண்டாள். கஞ்சி டம்ளரை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேக்கலாம்னுதான் இருந்தனுங். அடுத்த நாளு நானே செட்டுக்குப் போயிரலாம்னு எந்திரிச்சு வாசப்படி வரைக்கும் வந்துட்டேன். நீங்க ஏணிமேல நின்னு படுதாவத் தலைகீழாத் திருப்பிக் கட்டிட்டு இருந்தீங்க. அடிய கட்டி மேல தெறக்கற மாதிரி. பதினோரு வருசமா எனக்கு அது தோணவே இல்லீங். சித்த நேரம் நின்னு பாத்துட்டு, திரும்பப் போயிப் படுத்துட்டேன்."

"நூத்துக்கு மூணு தாண்டிருச்சே."

"தாண்டிருச்சு. சாகாமயே கொண்டாந்திருந்தீங்கன்னாக்கூட எனக்குப் பயந்தானுங் இருந்திருக்கும். ஏதோ நேரம் நல்லா இருந்துச்சு, நான் அந்தப் பக்கம் போனதும் என்ன பண்ணுவாரோன்னு. இப்ப எதனால செத்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்."

நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவும் இல்லை. அப்போது அவள் சொன்னாள்.

"என்ற மொத பேட்ச்ல நூத்திமுப்பது போச்சுங்."

"பதினெட்டுன்னு சொன்னியே."

"நானுந்தான் மூடி வெச்சேன். நீங்க ட்யூட்டி முடிச்சு வந்து எத்தனைன்னு கேட்டீங்க, வாயில பதினெட்டுன்னு வந்துருச்சு. நெசத்தச் சொல்லலாம்னு ரெண்டு நாள் பாத்தேன். அதுக்குள்ள நீங்க டிப்போ பூரா சொல்லிட்டீங்க. அப்பறம் எங்க மாத்தறது?"

பதினொரு வருடம். செக்கிங் இன்ஸ்பெக்டர், டிரைவர், டீக்கடைக்காரர், என் பஸ்ஸில் ஏறிய கோழி வியாபாரி ஒருத்தர் விடாமல் பதினெட்டு, பதினெட்டு என்று சொல்லியிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள், சிரித்ததில் மூச்சு வாங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கார்டைத் திருத்திருங்க. இருவத்தெட்டாந்தேதி போலாம்" என்றாள்.

செட்டுக்குப் போய் மூன்றை அடித்துவிட்டு நாற்பத்தொன்று என்று எழுதினேன். இந்தப் பெண்பிள்ளை எனக்கு வாய்த்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பெண் பார்த்துச் சொன்ன புரோக்கர் இறந்து இருபது வருடம் ஆகிறது. அவருக்குச் சொல்லிக்கொண்டேன்.

நவம்பர் 25, திங்கள்

மறுபடி மழை, மறுபடி கரண்டு இல்லை. கரிப்பானை வைத்தேன், மேலே ஒரு சாண் திறந்தேன். காலையில் போய்ப் பார்த்தால் அத்தனையும் வட்டம் முழுக்கப் பரவிப் படுத்திருந்தன. ஒன்றுகூடச் சாகவில்லை. அங்கேயே மஞ்சியில் உட்கார்ந்துவிட்டேன், நாலைந்து வந்து என் மடியில் ஏறின.

நவம்பர் 26, செவ்வாய்

இருபத்தொன்றாம் நாள். மொத்தம் அறுபத்திரண்டு. நூற்றுக்கு நான்கைத் தாண்டிவிட்டது. கார்டைப் பேபி பார்த்தாள். "மொத தடவைக்கு ஒண்ணும் மோசமில்லீங்" என்றாள். அவளிடம் இருந்து இது வந்ததை நான் தேதியோடு குறித்து வைக்கிறேன்.

நவம்பர் 28, வியாழன்

ஈரோடு. கோகிலாவைச் சேர்த்தாயிற்று.

கிளம்பும் முன் செட்டைப் பேபியிடம் ஒப்படைத்தேன். தண்ணீர் எத்தனை மணிக்கு, தீவனம் எத்தனை தட்டு, மழை வந்தால் படுதா எவ்வளவு திறக்கவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அண்ணா, இதையெல்லாம் உங்களுக்குச் சொன்னதே நாந்தானுங்."

கோகிலா பையைத் தானே எடுத்துக்கொள்வதாகப் பிடிவாதம் பிடித்தாள். பேச்சுக்குப் பேச்சு என்றாள். கார் வரைக்கும் பையின் ஒரு காதை அவளும் ஒரு காதை நானுமாகப் பிடித்துக்கொண்டு போனோம். காரில் உட்கார்ந்ததும் செட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

சாயந்தரத்தில் இருந்து ரத்தம் ஏற்றுகிறார்கள். யாரோ கொடுத்த ரத்தம், பாட்டில் மேல் பெயர் இல்லை. சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொடுத்தவர் யாராக இருந்தாலும் அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

நவம்பர் 29, வெள்ளி

பத்து மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். கவிப்பிரியா விடிகாலையிலேயே வந்துவிட்டாள். ஒன்றரை மணி நேரம் என்றார்கள், மூன்று மணி நேரம் ஆயிற்று. அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு ஒன்றும் இல்லை.

டாக்டரம்மா வந்து, கட்டி பெரிதாக இருந்தது, எடுத்தாயிற்று, இனி பயம் இல்லை என்றார். அவர் காலில் விழப்போய்விட்டேன். கவிப்பிரியா முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். "அப்பா, அவங்களுக்கு முப்பத்தெட்டு வயசுதான்" என்றாள். வயதா கணக்கு.

நவம்பர் 30, சனி

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கவிப்பிரியா துணி மாற்ற வீட்டுக்குப் போயிருக்கிறாள். கோகிலாவின் உதட்டில் கொஞ்சம் நிறம் வந்திருக்கிறது. ஒரு டம்ளர் கஞ்சித் தண்ணீர் குடித்தாள். எழுந்து உட்கார நானும் நர்சும் பிடித்தோம். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டாள், சத்தம் போடவில்லை.

மறுபடி படுக்க வைத்ததும், அவள் கேட்பதற்கு முன்னால் நானே ஆரம்பித்தேன். காலையில் பேபியிடம் பேசினேன், நேற்று ஒன்றும் சாகவில்லை, கொண்டை லேசாகச் சிவந்து வருகிறதாம், தீவனம் திங்கட்கிழமை வரைக்கும் இருக்கிறது, தகர வளையத்தை எடுத்துவிட்டுச் செட்டு முழுக்க விட்டுவிடலாமா என்று –

"நான் கேட்டனுங்களா?"

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"இல்ல, உனக்கு மனசு கெடந்து அடிச்சுக்குமேன்னு."

"அது உங்க பாடுங். நான் தூங்கறேன்."

சொன்ன மாதிரியே தூங்கிவிட்டாள். மணி பன்னிரண்டே கால். கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் பகல் வெளிச்சத்தில் இவள் தூங்கி நான் பார்த்தது கிடையாது. ஜன்னலில் இருந்து வெயில் காலடியில் விழுந்திருந்தது, போர்வையை இழுத்துவிட்டேன். பக்கத்துப் படுக்கைக்கு வந்தவர்கள் சத்தமாகப் பேசினார்கள், கையைக் காட்டி அடக்கினேன். இடையில் என் போன் துடித்தது. பேபி. எடுக்கவில்லை, அவள் பார்த்துக்கொள்வாள்.

கோகிலா நாலரை மணி வரைக்கும் தூங்கினாள். நான் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.